சைஜோவுக்கு வருகிற தம்பிக்கு: குடித்தால் சைக்கிளில் ஏறாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். அக்டோபரில் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பிஎச்டி சேர்கிறீர்கள், சைஜோவில் தங்கப் போகிறீர்கள். வாடகை எவ்வளவு, சைவச் சாப்பாடு கிடைக்குமா, குளிருக்கு என்ன எடுத்து வருவது, பகுதி நேர வேலை பார்க்கலாமா, அப்புறம் "அது சாகே என்கிற அரிசி மது காய்ச்சுகிற ஊராமே, புரொஃபசர் குடிக்கச் சொன்னால் மறுக்கலாமா, எந்த பிராண்ட் நல்லது, பொங்கலுக்கு வரும்போது அப்பாவுக்கு என்ன பாட்டில் வாங்கலாம்" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகை, அரிசி, பருப்பு விவரமெல்லாம் அங்கே படிக்கிற நம் பிள்ளைகளின் வாட்ஸாப் குழுவில் சேர்ந்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். ஸ்வெட்டரை இங்கே வந்து வாங்குங்கள், கோயம்புத்தூரில் வாங்குவது இந்தக் குளிருக்கு உதவாது. நான் சாகே கேள்விக்குத்தான் பதில் எழுதப் போகிறேன். அதற்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. ஒரு கூட்டம் "ஐயோ, குடிகார ஊர்" என்று பயமுறுத்தும், இன்னொரு கூட்டம் "வா மச்சி, சரக்கு ஆறாக ஓடுது" என்று உசுப்பேற்றும்.

முதலில் சைக்கிள். சைஜோ ஸ்டேஷனிலிருந்து பல்கலைக்கழகம் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும், அதனால் வந்த வாரமே எல்லோரும் ஒரு பழைய சைக்கிள் வாங்கிவிடுவார்கள். 2024 நவம்பர் 1 முதல் சட்டம் மாறிவிட்டது. ஊதச் சொல்லி, மூச்சுக் காற்றில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தால், காரில்லை, சைக்கிள் ஓட்டினாலே மூன்று வருஷம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். சைக்கிளை இரவல் கொடுத்தவனும் மாட்டுவான், ஓட்டப் போகிறான் என்று தெரிந்தே ஊற்றிக் கொடுத்தவனும் மாட்டுவான். "ரெண்டு சின்னக் கிண்ணம்தானே அண்ணா" என்று என்னிடம் வாதாடிய பிள்ளைகள் உண்டு. சாகே பதினைந்து, பதினாறு சதவீதம் தம்பி, பீரைப் போல மூன்று மடங்கு, ஆனால் தண்ணீர் மாதிரி இறங்கும். மாணவர் விசாவில் இருக்கிறவன் மேல் வழக்கு விழுந்தால் அபராதத்தோடு முடியாது. குடித்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வாருங்கள், அதற்குத் தடையில்லை. பின்னால் கார் வாங்கினால் டைகோ என்று ஒரு சேவை இருக்கிறது, போன் போட்டால் இரண்டு பேர் ஒரு காரில் வருவார்கள், ஒருவர் உங்கள் காரில் உங்களை உட்கார வைத்து ஓட்டி வருவார், மற்றவர் பின்னாலேயே வருவார். செலவைப் பார்க்காதீர்கள்.

புரொஃபசர் விஷயத்துக்கு வருகிறேன். நான் வந்த காலத்தில் வரவேற்பு விருந்தில் மறுப்பது என்பதே கிடையாது. ஜனவரிக் குளிரில் வந்து இறங்கினேன், வீட்டுக்கு ஜாமீன் போட ஆளில்லாமல் ஒரு நண்பரின் அறையில் மண்ணெண்ணெய் ஹீட்டர் பக்கத்தில் சுருண்டு கிடந்தேன், அந்த வாரமே விருந்து. மேசையில் இருந்த எல்லாவற்றிலும் மீன், குழம்பில் மீன், கீரையின் மேல் மீன் செதில் மாதிரி ஏதோ தூவல். நான் அப்போது சைவம். உப்புப் போட்டு அவித்த பச்சை சோயா மட்டும் தின்றேன், வெறும் வயிற்றில் ஒவ்வொருவராக வந்து ஊற்றினார்கள், கடைசியில் தலைக்கு ஐயாயிரம் யென் என்று சரிசமமாகப் பிரித்து என்னிடமும் வாங்கிக்கொண்டார்கள். ஐயாயிரம் யென்னுக்குச் சோயா! இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

இப்போது அப்படியில்லை. கட்டாயப்படுத்திக் குடிக்க வைப்பதைப் பல்கலைக்கழகங்களே கண்டிக்கின்றன. ஊலாங் தேநீர் கேளுங்கள், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் "கம்பாய்" (நம் "சியர்ஸ்") சொல்லும் முன் தேநீரைக்கூட வாயில் வைக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் கிண்ணம் காலியானால் இரண்டு கையாலும் ஜாடியைப் பிடித்து ஊற்றுங்கள். நீங்கள் குடிப்பதைவிட ஊற்றுவதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். குடிக்கிறவராக இருந்தால், போதும் என்னும்போது கிண்ணத்தை நிறைத்து அப்படியே வைத்துவிடுங்கள், காலியாக வைத்தால் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். நடுநடுவே தண்ணீர் குடிப்பது இங்கே மரியாதைக் குறைவே இல்லை, சாகே ஆலைக்காரர்களே குடிக்கச் சொல்வார்கள்.

அறவே தொடாதவர் என்றால் வேறு எச்சரிக்கை. சமையலுக்கு ஊற்றுகிற மிரினில் பதினாலு சதவீதம் ஆல்கஹால். நாராஸுக்கே என்ற ஊறுகாய் சாகே வண்டலில், அதாவது சாகேயைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையில், ஊறியது. கோயிலில் கொடுக்கிற அமசாகே என்ற இனிப்புப் பானம் இரண்டு வகை, கோஜியில் (பூஞ்சை வளர்த்த அரிசி) செய்தால் ஆல்கஹால் இல்லை, வண்டலில் செய்தால் கொஞ்சம் இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி பிராண்ட். டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இருக்கிற நம் ஆட்களுக்கு ஜப்பானில் இருப்பது ஒரே சாகே, அது டஸ்ஸாய். நல்ல சரக்குதான், பக்கத்து யாமகுச்சி மாகாணத்தில் மலைக்கு நடுவே பிறந்தது, அரிசியை 23 சதவீதம் மிஞ்சும் வரை தீட்டுகிறார்கள். ஆனால் அது விமான நிலையக் கடையிலேயே கிடைக்கும், அதற்கு நீங்கள் சைஜோ வரை வர வேண்டாம். சைஜோ ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நடக்கிற தூரத்தில் ஏழு ஆலைகள் இருக்கின்றன: கமோட்சுரு, கமோயிசுமி, ஹாக்குபோத்தான், கிரேய், ஃபுக்குபிஜின், சைஜோட்சுரு, சான்யோட்சுரு. வெள்ளைச் சுவர், செங்கல் புகைபோக்கி, புகைபோக்கியில் ஆலைப் பெயர். (ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயில் நிற்பது ஹிகாஷி ஹிரோஷிமா ஸ்டேஷனில், அது வேறு இடம், பெட்டியோடு அங்கே இறங்கி விழிக்காதீர்கள்.)

ஹாக்குபோத்தான் 1675-இல் தொடங்கியது, லேசாக இனிக்கும், முதல்முறை குடிக்கிறவருக்கு அதுவே நல்லது. கிரேய் நேர் எதிர், இனிப்பில்லாமல் சுருக்கென்று இறங்கும். கமோயிசுமியைப் பார்த்தால் இளமஞ்சளாக இருக்கும், கெட்டுப்போனது என்று நினைக்காதீர்கள், கரியைப் போட்டு நிறத்தையும் ருசியையும் உறிஞ்ச விடாததால் அந்த நிறம். அரிசி, கோஜி, தண்ணீர் தவிர வேறெதுவும் சேராத ஜுன்மாய் வகையை முன்பே பிடித்துக்கொண்டவர்கள் அவர்கள். சுட வைத்துக் குடித்தால்தான் அதன் அருமை தெரியும். எல்லாவற்றையும் ஐஸில் போட்டு ஒரே மடக்கில் கவிழ்க்கிற நம் ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஸ்ப்ரைட் கலந்து குடித்தவனையும் பார்த்திருக்கிறேன். "நம்ம சுண்டக்கஞ்சிதானே" என்று சொல்கிறவனிடம் நான் பேசுவதே இல்லை.

நுண்ணுயிரியல் என்கிறீர்களே, உங்களுக்கு இந்த ஊர்க் கதை தெரிய வேண்டும். சாகே என்றால் நாடா, ஃபுஷிமி என்று கான்சாய் பக்கத்து ஊர்கள்தான் ராஜா. ஹிரோஷிமாவின் தண்ணீர் மென்னீர், தாது உப்பு குறைவு, ஈஸ்ட் சோம்பிப் போகும், தொட்டியே கெட்டுப்போகும். அகிட்சு கடற்கரையைச் சேர்ந்த மியுரா சென்சபுரோ என்பவர் தன் சரக்கு கெட்டுக் கெட்டு, கோஜியை அரிசியின் உள்வரை நன்றாக ஊன்ற வைத்து, குளிர்ச்சியில் மெதுவாக நொதிக்க விடும் முறையைக் கண்டுபிடித்தார். அதை மூடி மறைக்காமல் 1898-இல் புத்தகமாகவே அச்சிட்டுக் கொடுத்தார். 1907-இல் முதல் தேசியப் போட்டி நடந்தபோது நாடாவை ஓரங்கட்டி ஹிரோஷிமா முன்னால் வந்தது. இன்று குடிக்கிற நறுமண ஜின்ஜோ வகைகளுக்கு வேர் அங்கேதான். அதே அகிட்சுவில் ஃபுகுச்சோ என்ற சாகேயைக் காய்ச்சுவது இமாதா மிஹோ, பெண் தோஜி, அதாவது தலைமைக் காய்ச்சுநர். ஹத்தான்சோ என்று வழக்கொழிந்த அரிசியைத் திரும்ப விளைய வைத்துக் காய்ச்சுகிறார். 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். சைஜோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கே சிப்பியும் நன்றாக இருக்கும்.

அரிசி தீட்டுகிற இயந்திரமும் இந்த ஊர்தான். சாட்டாகே கம்பெனி 1896-இல் ஜப்பானின் முதல் விசை அரிசி ஆலை இயந்திரத்தைச் செய்தது சைஜோவில். நம் பக்கத்து ரைஸ் மில்களில்கூட அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஜின்ஜோ என்றால் அரிசியில் 60 சதவீதம்தான் மிஞ்ச வேண்டும், டாய்ஜின்ஜோ என்றால் பாதி. தேசியச் சாகே ஆய்வு நிலையமும் 1995-இல் டோக்கியோவிலிருந்து இங்கே வந்துவிட்டது. உங்கள் ஆய்வகத்துக்கும் அவர்களுக்கும் ஏதாவது தொடர்பு இருந்தால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆலைக்குப் போகிற அன்று காலையில் நாட்டோ (நொதித்த சோயா) சாப்பிடாதீர்கள். அதன் பாக்டீரியா கோஜி அறைக்குள் போனால் அவர்கள் உழைப்பு பாழ், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்ட்டும் வேண்டாம். குளிர்காலம்தான் காய்ச்சும் பருவம், விடிகாலையில் தெருவில் போனால் அரிசி வேகும் ஆவி சுவருக்கு மேலே எழுந்து வரும், வாசனைக்கே பசிக்கும். அந்த முதல் வருஷம் எனக்கு இந்த ஊரில் அந்நியமாகத் தோன்றாதது அது ஒன்றுதான். ஒரு ஆலை வாசலில் ஒரு பாட்டி இருந்தார், கிணற்றுத் தண்ணீர் பிடிக்க நான் கேனோடு போவேன் (ஊர்க்காரர்கள் எல்லோரும் பிடிப்பார்கள், அரிசி வடிக்க அந்தத் தண்ணீர் பிரமாதம்), பாட்டி என் கேன் மூடியை வாங்கித் தன் ஏப்ரன் நுனியில் துடைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார். பிப்ரவரியில் வெள்ளைப் பலகை மாதிரி இருக்கும் சாகே வண்டலை ஒரு பையில் போட்டுக் கையில் திணிப்பார். இவர்கள் அதைச் சுட்டுச் சர்க்கரை தொட்டுத் தின்பார்கள். நான் தோசைக்கல்லில் வாட்டி நாட்டுச் சர்க்கரை தூவுவேன், என் ஜப்பானிய மாமியாரே இப்போது அப்படித்தான் செய்கிறார். அதிலும் ஆல்கஹால் உண்டு, தின்றுவிட்டும் சைக்கிளில் ஏறாதீர்கள்.

அக்டோபரில் வருவதால் வந்ததும் சாகே திருவிழா இருக்கும். நுழைவுச் சீட்டு வாங்கினால் ஒரு சின்னக் கிண்ணம் தருவார்கள், நாடு முழுக்க உள்ள சாகேக்களை வரிசையில் நின்று ருசி பார்க்கலாம். போங்கள், ஆனால் முதலில் பிஷு நாபே சாப்பிடுங்கள். ஆலைத் தொழிலாளிகளின் பழைய சாப்பாடு, பன்றிக்கறி, கோழி, காய்கறி எல்லாவற்றையும் சாகே ஊற்றி உப்பும் மிளகும் மட்டும் போட்டு வேக வைப்பது. சைவமென்றால் வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பாய் விரித்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு போடுகிற ஒரு கோஷ்டி வருஷா வருஷம் வெளியூரிலிருந்து வரும், அவர்களோடு சேராதீர்கள்.

அப்பாவுக்கு பாட்டில்: நாமா என்று போட்டதை வாங்காதீர்கள், பாஸ்டரைஸ் செய்யாதது, நம் ஊர் வெயிலில் பெட்டிக்குள்ளேயே கெட்டுவிடும். இந்தியாவுக்குள் கொண்டுபோக வரியில்லாமல் இரண்டு லிட்டர் வரை, ஆக 720 மில்லி பாட்டில் இரண்டு. ஒன்று கமோயிசுமி. இன்னொன்று, எனக்குப் பெரிதாகப் பிடிக்காது, ஆனாலும் கமோட்சுருவின் கோல்டு: 1958 முதல் வருவது, உள்ளே செர்ரிப் பூ வடிவத்தில் தங்கத் தகடு மிதக்கும், 2014-இல் ஒபாமாவுக்கு டோக்கியோ சுஷிக் கடையில் பரிமாறியதும் அதுதான். தங்கத்தால் ருசி ஒன்றும் கூடாது. ஆனால் சித்தப்பா, பெரியப்பா முன்னால் அப்பா அதை எடுத்து வைக்கும்போது அவருக்கு வேறென்ன வேண்டும்?

பகுதி நேர வேலைக்கு முதலில் குடிவரவு அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள், வாரத்துக்கு 28 மணி நேரம்தான். மற்றதைக் குழுவில் கேளுங்கள்.