ஃபோர்க்லிஃப்ட் காலை நசுக்கியது, கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: இங்கே தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வர்த்திலிருந்து என் தம்பி மோசல் பே துறைமுகத்துக்குப் போய், கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பலுக்குக் குழாய் ஏற்றும் யார்டில் வேலை பார்க்கிறான். அனுப்பியவர் ஒரு லேபர் புரோக்கர், அதாவது ஆளெடுத்து மற்ற நிறுவனங்களுக்கு வேலைக்கு அனுப்புபவர். குழாய்க் கட்டோடு திரும்பிய ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரம் அவன் பாதத்தை நசுக்கிவிட்டது. "நீ நின்ற இடம்தான் தப்பு, எதுவும் கோர மாட்டேன் என்று எழுதிக் கொடு" என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எழுத்து சட்டப்படி செல்லாது. ஆனால் "அவனே ஒப்புக்கொண்டான்" என்று காட்ட அது அவர்களுக்கு உதவும்.

'கோய்டா' (COIDA) என்று நாம் சொல்லும் 1993ஆம் ஆண்டு வேலை விபத்து இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தப்பு என்பது பொதுவாகக் கேள்வியே இல்லை. வேலையில் அடிபட்டானா என்பதுதான் கேள்வி. தெரிந்தே செய்த கடும் ஒழுங்கீனம் வேறு கதை. சரி, நின்ற இடம் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஃபோர்க்லிஃப்டைத் திருப்புவது பின்சக்கரம்தான். முன்பக்கம் உள்ளே வளையும்போது வால் வெளியே வீசும். சுமார் ஒன்பது மீட்டர் நீளக் குழாயைக் குறுக்கே தூக்கினால் அதன் நுனியும் கூடவே சுழலும். அந்த வீச்சுக்குள் ஆள் வராமல் தடுப்புப் போடாதவரைத்தான் முதலில் கேட்பேன்.

இனி முக்கியமானது: சட்டத்தின் கண்ணில் தம்பியின் முதலாளி யார்? புரோக்கர்தான். விபத்து தெரிந்த ஏழு நாளுக்குள் அரசின் இழப்பீட்டு நிதியத்துக்கு அறிவிக்க வேண்டியவர் அவர். தம்பி வேலை செய்ய முடியாதிருக்கும் முதல் மூன்று மாதம் சம்பளத்தில் 75 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு, அவரே தர வேண்டும். நிதியம் பிறகு அவருக்குத் திருப்பித் தரும். அவர் இழுத்தடித்தால் தம்பியே தொழிலாளர் துறை அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.

35ஆம் பிரிவு முதலாளிமேல் நஷ்டஈட்டு வழக்குப் போட விடாது. யார்டுக்காரர் முதலாளி இல்லையே! அவருடைய கவனக்குறைவு என்றால் 36ஆம் பிரிவு வழிவிடுகிறது. புரோக்கர் அனுப்பிய ஊழியர் தன்னிடம் வேலை வாங்கிய நிறுவனத்தின்மேல் வழக்குப் போடலாம் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது. பொதுவாக மூன்று வருடக் கெடு; நிதியத்தில் பெற்ற தொகையைக் கழித்துக்கொள்வார்கள். இதற்கு வழக்கறிஞர் வேண்டும்.

அதுவரை வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, டாக்டரின் முதல் அறிக்கை எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். வண்டி ஓட்டியவரிடம் பயிற்சிச் சான்றிதழ் இருந்ததா என்று விசாரியுங்கள். 2015ஆம் ஆண்டு இயந்திரப் பாதுகாப்பு விதிகள் அதைக் கேட்கின்றன. யார்டில் புதிதாக மஞ்சள் கோடு போடுவதற்குள், உடன் வேலை பார்த்தவர் யாராவது அந்த இடத்தைப் படம் எடுத்து வைக்கட்டும்.