முதல் இழுப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஃப்ரைபர்க் சந்தை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நாங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். பக்கத்துப் பண்ணைக்காரரிடம் பெல்ஜியன் இனக் குதிரைகள் இரண்டு உண்டு. வரும் வசந்தத்தில் இரண்டுக்கும் மூன்று வயது முடிகிறது. பதினாறு வயதான என் மகன் பள்ளி விட்டதும் அங்கேதான் கிடக்கிறான். நிற்க, திரும்ப, சின்னக் கட்டை இழுக்க எல்லாம் பழக்கிவிட்டார்கள். ஆகஸ்டில் இங்கே நடக்கும் சந்தையில் இழுப்புப் போட்டி ஒன்று உண்டு. பணப்பரிசு கிடையாது, ஜெயித்தால் ஒரு ரிப்பன் தருவார்கள். அதில் இவற்றைப் பூட்டலாமா என்று கேட்கிறான். பண்ணைக்காரர் ‘உன் இஷ்டம்’ என்கிறார். இளங்கன்று பயமறியாது என்பார்களே, அதுதான் எனக்குக் கவலை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

– வெர்மான்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சந்தைக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். போட்டியில் பூட்டுவதா வேண்டாமா என்பதை அன்றைக்கு அந்த மைதானத்தில் குதிரைகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இப்போதே பையனுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் குதிரை பழக்கியவன் இல்லை. ஃப்ரைபர்க்கில் மூன்று நாள் வேலியோரம் நின்று குதிரைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், சின்ன வயதில் எங்கள் வீட்டில் காளை பழக்கியதைப் பார்த்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

பார்த்திராத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டு குதிரைகளை ஜோடியாகப் பூட்டி, சக்கரமில்லாத ஒரு தட்டையான சறுக்கை இழுக்க விடுவார்கள். அதற்கு ‘ஸ்டோன் போட்’ என்று பெயர். வயலில் பொறுக்கிய கற்களை ஏற்றி வரப்புக்கு இழுத்துப்போன சாமான் அது. இன்று கல்லுக்குப் பதில் கான்கிரீட் கட்டிகளை அடுக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பாரம் ஏறும், இழுக்க முடியாத ஜோடி வெளியேறும். இழுவிசையைக் கருவி வைத்து அளக்கும் போட்டிகளும் உண்டு. அதற்கான கருவியை 1920களில் அயோவா அரசுக் கல்லூரியில் உருவாக்கினார்கள். அந்தக் காலத்தில் அயோவா மாநிலச் சந்தையில் அளந்த கணக்குகளை 1993இல் இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, ஒரு குதிரை சில விநாடிகளுக்குக் கிட்டத்தட்ட 15 குதிரைத்திறன் வரை காட்டியிருப்பது தெரிந்தது. நாள் முழுக்க உழும்போது அதே குதிரை தருவது ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த 15 என்ற எண்தான் எனக்குப் பயம் தருகிறது. உங்கள் மகனின் குதிரைகளிடம் அந்தப் பலம் இப்போதே ஓரளவு இருக்கும், அதைத் தாங்கும் எலும்புதான் இன்னும் தயாராகியிருக்காது. கால் எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு நீண்டு வளரும் மெல்லிய பகுதிகள், பெரும்பாலும் மூன்று வயதுவாக்கில் மூடிக்கொள்ளும். முதுகெலும்பில் ஐந்தரை, ஆறு வயது வரை கூட ஆகலாம். பெல்ஜியன் போன்ற கனத்த இனங்கள் ஆளைப் பார்த்தால் வளர்ந்து முடிந்த மாதிரி இருக்கும். உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தோளைக் கொடுத்துச் சாய்ந்தால் பாரம் நகரும் என்று இளங்குதிரை நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் முழு மூச்சாகச் சாய்கிறது. நகராத பாரத்தில் ஒரு முறை, இரண்டு முறை பூட்டிவிட்டால் ‘இது நகராது’ என்று கற்றுக்கொள்ளும். அப்புறம் பூட்டியதும் பின்வாங்கும், குறுக்கே திரும்பும், சும்மா நின்றுவிடும். அதைச் சரிசெய்ய வருஷக்கணக்கில் ஆகும் என்று ஃப்ரைபர்க்கில் ஒரு பெரியவர் சொன்னார். அவர் தன் குதிரைகளை எப்போதும் அவற்றால் முடியும் என்று நிச்சயமாகத் தெரிந்த பாரத்திலேயே நிறுத்திவிடுவாராம். ரிப்பன் யாருக்குப் போனாலும் சரி.

அந்தப் பெரியவரை நான் கவனிக்க ஆரம்பித்ததே ஒரு கொக்கிச் சத்தத்தால்தான். குதிரைகளின் பின்னால் தொங்கும் குறுக்குக் கட்டையை ஒருவர் தூக்கிக்கொண்டே வந்து சறுக்கின் கொக்கியில் மாட்ட வேண்டும். ‘டங்’ என்று இரும்பு இரும்பில் விழும். அந்தச் சத்தம் கேட்டதுமே இவருடைய ஜோடியில் இடப்பக்கத்து இளங்குதிரை பாய்ந்துவிட்டது. மற்றது இன்னும் சாயவே இல்லை. சறுக்கு ஒரு சாண் கோணலாக இழுபட்டு நின்றது. இன்னும் இரண்டு வாய்ப்பு பாக்கி இருந்தது. அவர் கொக்கியைக் கழற்றச் சொன்னார். வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, குதிரைகளை மைதானத்தை ஒரு சுற்று நடக்கவிட்டு வெளியே கொண்டுபோய்விட்டார். வேலிக்கு வெளியே நின்று அந்த இளங்குதிரையின் கழுத்தை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

இதை வீட்டிலேயே பழக்கலாம். கொக்கியை மாட்டுங்கள், நில்லுங்கள், பேசிக்கொண்டிருங்கள், கழற்றுங்கள். பத்து முறை மாட்டினால் இரண்டு முறை மட்டும் இழுக்கட்டும். கொக்கிச் சத்தத்துக்கும் இழுப்புக்கும் நடுவே மகனுடைய குரல் இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் அதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறதே. மார்ச்சில் மேப்பிள் சாறு எடுக்கும்போது இன்னும் சில பண்ணைகளில் குதிரைச் சறுக்கில்தான் தொட்டியை இழுத்துப் போகிறார்கள். நாலு மரத்துக்கு ஒரு முறை நிற்கும், வாளி ஊற்றுவார்கள், மறுபடி கிளம்பும். பாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். ஒரு நாளில் ஐம்பது, அறுபது முறை நின்று கிளம்ப வேண்டியிருக்கும். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. முடிந்தால் ஒரு குதிரைக்குப் பக்கத்தில் வயதான, அனுபவப்பட்ட குதிரை ஒன்றைப் பூட்டச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்திலும் புதுக் காளையைப் பழைய காளையோடுதான் நுகத்தில் கட்டுவோம். பாதி வேலையை அது கற்றுக்கொடுத்துவிடும்.

காலரையும், அதாவது இழுக்கும்போது தோளில் பாரம் தாங்கும் கழுத்து வளையத்தையும், பாருங்கள். வளரும் குதிரைக்குப் போன வருஷக் காலர் இந்த வருஷம் இறுக்கிப் பிடிக்கும். குதிரை தலை நிமிர்ந்து நிற்கும்போது தொண்டைக்குக் கீழே காலருக்குள் உங்கள் உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். தோலில் சூடோ வீக்கமோ தெரிந்தால் அன்றைக்குப் பூட்டவே கூடாது. வலிக்கும் தோளை வைத்துக்கொண்டு எந்தக் குதிரையும் மனசோடு சாயாது.

சந்தையன்று விடிகாலையிலேயே போய்விடுங்கள். ஒலிபெருக்கி, ராட்டினம், பொரித்த மாவின் வாசனை, கையில் பலூனோடு ஓடும் பிள்ளைகள், இதெல்லாம் அவற்றுக்குப் புதிது. கன்றைப் பற்றிய பழமொழி உங்கள் பையனுக்குப் பொருந்தலாம், குதிரைக்குப் பொருந்தாது. குதிரை ஓடிப் பிழைத்த பிராணி. எவ்வளவு பெரிய உடம்பானாலும் பறந்து வரும் ஒரு பிளாஸ்டிக் பைக்கு மிரளும். அங்கே நின்று வைக்கோல் தின்கிறதா, வாளித் தண்ணீரைக் குடிக்கிறதா என்று பாருங்கள். தின்னாமல் குடிக்காமல் காதை விறைத்துக்கொண்டு நின்றால் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம். நிதானமாகத் தின்றால் முதல் சுற்றில், வெறும் சறுக்கிலோ மிகக் குறைந்த பாரத்திலோ ஒரு முறை இழுக்கட்டும். நகர்ந்ததும் அவிழ்த்துவிடுங்கள். நடத்துபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பையன் அடுத்த பாரத்துக்கும் போகலாமே என்று கெஞ்சுவான். கூட்டம் கைதட்டும்போது பெரியவர்களுக்கே அது தோன்றும். அந்த நேரத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டியவர் பண்ணைக்காரர். அதை அவரிடம் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இரண்டில் எது இடப்பக்கக் குதிரை, எது வலப்பக்கக் குதிரை என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் எந்தப் பக்கம் பழகியதோ சந்தையிலும் அதே பக்கம்தான் பூட்ட வேண்டும். அவசரத்தில் மாற்றிப் பூட்டிவிடப் போகிறான், சொல்லிவையுங்கள்.

அன்புடன்