வளைவில் பறக்கும் கை

அன்புள்ள அக்கா,

மூன்று மாதமாகத் துண்டுத் துணிகளைச் சேர்த்து என் முதல் குவில்ட்டின், அதாவது ஒட்டுத்துணிப் போர்வையின், மேல்பக்கத்தை முடித்தேன். பஞ்சு விரிப்பும் அடித்துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்கும் குவில்டிங்கை வீட்டு மெஷினிலேயே போட ஆரம்பித்தேன். மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. திருப்பினால், வளைவு வருகிற இடமெல்லாம் நூல் இமைமுடி மாதிரி நிற்கிறது. இரண்டு இடத்தில் அடித்துணி சுருங்கி மடிப்போடு தைத்துவிட்டது. அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றி மாட்டியே அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் பிரிக்கவா? கையால் போடாதது குவில்ட்டே இல்லை என்று தோழி வேறு சொல்கிறாள். சுழி சுழியாகப் போடுவதைத் தவிர வேறு டிசைன் ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தோழிக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். குவில்ட் கலைஞர் கேரல் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் குவில்டிங் போட்ட ஒரு குவில்ட், 1989-இல் அமெரிக்காவின் படூக்கா நகரில் நடந்த பெரிய குவில்ட் போட்டியில் ஒட்டுமொத்த முதல் பரிசை வாங்கியது. அங்கே மெஷின் வேலைக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறமும் இந்தப் பேச்சு ஓயவில்லை. விடுங்கள்.

சரி, இமைமுடிக்கு வருவோம். பாவம் பாபின், அதன் மேல் தப்பில்லை. மேலும் கீழும் வேறு வேறு நிற நூல் கோத்து ஒரு வளைவு போட்டுப் பாருங்கள். அடியில் நேராக ஓடுவது பாபின் நூல். அதில் மாட்டிக்கொண்டு முடிமுடியாக நிற்பது மேல்நூல். நேர்கோட்டில் நிதானமாகப் போகிற கை, வளைவு வந்ததும் பதறிச் சட்டென்று திருப்புகிறது. ஊசி பழைய வேகத்திலேயே ஏறி இறங்குகிறது. அந்த இழுப்பில் மேல்நூல் அடிப்பக்கம் போய்விடுகிறது. வளைவில் கையை மெதுவாக்குங்கள், பெடலை ஒரே சீராக மிதியுங்கள். அதன் பிறகும் முடி எட்டிப்பார்த்தால் மேல்நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, கொஞ்சம் கூட்டலாம். அதற்கு முன் மேல்நூலை உருவி, துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோத்துவிடுங்கள். பாதம் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். நூல் அவற்றுக்குள் போய் உட்காராது. ஊசியும் பழசாக இருக்கலாம். 90/14 அளவு ஊசி ஒன்று புதிதாக மாட்டிவிடுங்கள், மூன்று அடுக்கையும் வளையாமல் குத்தும்.

இன்னொன்று: கண் ஊசியைப் பார்க்கக் கூடாது. அது போகப்போகிற இடத்தை, ஓர் அங்குலம் முன்னால் பார்க்க வேண்டும். கையை நகர்த்தி வைக்க நிறுத்தும்போதெல்லாம் ஊசி துணிக்குள் இறங்கியே நிற்கட்டும்.

சுருக்கம் வந்தது மெஷினில் இல்லை, அதற்கு முன்னால். அடித்துணியைத் தரையில் விரித்து, ஓரங்களைக் காகித டேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக வேண்டாம், தொய்வில்லாமல் இருந்தால் போதும். அதன் மேல் பஞ்சு, அதன் மேல் மேல்துணி, நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டே போய் ஊக்கு குத்துங்கள். முஷ்டியை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்காவது இடிக்க வேண்டும். சலிப்பான வேலைதான், முதுகும் பிடித்துக்கொள்ளும். தைக்கும்போதும் நடுவிலிருந்தே தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள், ஊக்குகளைக் கழற்றிக்கொண்டே. குவில்ட் மேசையிலிருந்து தொங்கினால் அந்தக் கனமே கையை இழுக்கும். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அதன் மேல் தாங்க விடுங்கள். ஒருமுறை, அடித்துணியின் மூலை உள்ளே மடங்கிக் கிடந்தது தெரியாமல் அதையும் சேர்த்து அழகாகச் சுழி போட்டு வைத்தேன். பிரிக்க இரண்டு மாலைகள் ஆயின. இப்போது ஒவ்வொரு பாபின் தீரும்போதும் அடியில் கைவிட்டுத் தடவிப் பார்ப்பேன்.

டிசைன் கேட்டீர்கள். புதிதாக வருகிறவர்களைத் துண்டுகள் சேர்ந்த இணைப்புக் கோட்டின் மேலேயே தைக்கச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மயிரிழை விலகினாலும் அங்கே பளிச்சென்று தெரியும். கோட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளித் தையுங்கள். இல்லையென்றால் அடுக்குகளை மேலிருந்தும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதத்தை மாட்டி, கையை லேசாக அசைத்து நீள நீளமாக அலைகள் போடுங்கள். அலைக்குத் தப்பு சரி என்று ஒன்று கிடையாது. ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டுக் கையால் ஓட்டும்போது, ‘ல’ எழுத்தைக் கை எடுக்காமல் வரிசையாக எழுதுவதுபோல ஓட்டிப் பாருங்கள். சுழியும் அலையும் மாறி மாறி வரும். முதலில் காகிதத்தில் பென்சிலால் இரண்டு பக்கம் நிரப்புங்கள், கைக்குப் பாதை பழகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அடுத்த குவில்ட்டுக்கு அடித்துணியைப் பெரிய பூப்போட்டதாக எடுங்கள். குவில்ட்டைக் கவிழ்த்துப் போட்டு, அச்சிலிருக்கும் பூவின் ஓரத்தையே பிடித்துத் தைத்துக்கொண்டு போங்கள். கோடு வரையவே வேண்டாம். திருப்பினால் மேல்பக்கம் முழுக்கப் பூ. ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும்: அப்போது மேலே தெரியப்போவது பாபின் நூல். நல்ல நிறத்தை அதில் சுற்றுங்கள்.

பிரிப்பதா? மடிப்பு விழுந்த அந்த இரண்டு இடத்தை மட்டும் பிரியுங்கள். அடிப்பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிவிட்டு, மேல்பக்க நூலை இழுத்தால் உருவிக்கொண்டு வரும். இமைமுடிகளில் விரல் மாட்டுகிற அளவுக்கு நீண்டவற்றை எடுத்துவிட்டு மறுபடி தையுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். பஞ்சு பருத்தியாக இருந்தால் முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும். குவில்ட் முழுக்க மெல்லிய சுருக்கம் விழுந்த பிறகு அவற்றைத் தேடினால்தான் கண்ணில் படும். உங்கள் தோழி தேடுவாள், அது வேறு விஷயம்.