ஐம்பது முடிந்தால் சேமலாப நிதியை எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் தனியார் அரிசி ஆலையொன்றில் கணக்கு எழுதுகிறேன். வருகிற தையில் 50 முடிகிறது, வேலையையும் விடப்போகிறேன். ஊழியர் சேமலாப நிதியை (EPF) உடனே எடுத்து மகனுக்கு ஓட்டோ வாங்கலாமா?

பதில்: தங்கச்சி, பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. அந்த வயதில் எடுக்கலாம் என்பதுதான் சட்டம், எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. விட்டுவைத்தால் ஆண்டுதோறும் வட்டி சேரும்.

அரச உத்தியோகத்தரின் பென்ஷன் மாதிரி இது மாதாமாதம் வராது. ஒரே தொகை, ஒரே தடவை. முழுவதும் ஓட்டோவுக்குப் போனால், 60 வயதில் மருந்துச் செலவுக்கு மகனின் சட்டைப்பையைத்தான் பார்க்கவேண்டும். (மருமகள் நல்லவராக இருந்தாலும்!) ஓட்டோவுக்கு முற்பணம் மட்டும் கொடுங்கள். மிச்சத்தை மாத வட்டி தரும் நிலையான வைப்பில் போடுங்கள்.

அதற்கு முன் சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள். சம்பளம் 50,000 ரூபாய் என்றால் உங்களிடம் 8 வீதம், 4,000 கழியும். முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம், 6,000 போடவேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது. ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) என்ற இன்னொரு நிதிக்கான 3 வீதமும் அவர் பொறுப்பே. அது தனிக் கணக்கு, தனியாக விண்ணப்பிக்கவேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

அடையாள அட்டையிலும் நிதிக் கணக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? முதலெழுத்து மாறியிருந்தாலே இழுபடும். வேலையில் இருக்கும்போதே தொழில் அலுவலகத்தில் திருத்திவிடுங்கள்.