முட்டையின் தரத்துக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் என்ன சம்பந்தம்?

38 வயது, சென்னையில் குழந்தைப்பேறு சிகிச்சை. ‘முட்டையின் தரம் குறைவு, மைட்டோகாண்ட்ரியா காரணமாக இருக்கலாம்’ என்று டாக்டர் சொன்னதற்கு அர்த்தம் கேட்டிருக்கிறீர்கள். முதலில், இது நீங்கள் செய்த தப்பல்ல. மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் நுண்ணுறுப்பு.

முட்டைகள் உங்கள் அம்மா வயிற்றில் நீங்கள் இருந்தபோதே உருவாகி, செல் பிரிதலின் பாதியில் நின்று காத்திருப்பவை. அத்தனை வருடமும் மைட்டோகாண்ட்ரியா அடுப்பைச் சிம்மில் வைத்ததுபோல மெதுவாகவே வேலை செய்யும். இப்படி உறங்கும் முட்டை, மைட்டோகாண்ட்ரியாவில் சக்தி தயாரிப்பில் பங்கேற்கும் காம்ப்ளெக்ஸ் 1 என்ற பகுதியையே அடக்கி வைக்கிறது என்று 2022இல் கண்டறிந்தார்கள். டிஎன்ஏவை அரிக்கும் ஆக்சிஜன் கழிவு சேராமலிருக்க அந்த ஏற்பாடு.

முதிர்ந்த முட்டையில் மைட்டோகாண்ட்ரியா லட்சக்கணக்கில் இருக்கும். விந்தணுவில் நூறுகூடத் தேறாது. முட்டைக்கு குளுக்கோஸை நேராகப் பயன்படுத்தும் திறன் குறைவு. சுற்றியுள்ள கியூமுலஸ் செல்கள் அதைப் பைருவேட் என்ற எளிய எரிபொருளாக மாற்றி ஊட்டுகின்றன. அதிலிருந்து மைட்டோகாண்ட்ரியா தயாரிக்கும் ஏடிபி என்ற சக்தி மூலக்கூறுதான் குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் கதிர்நூல்களுக்குச் சக்தி. அது குறைந்தால் குரோமோசோம் ஒன்று கூடியோ குறைந்தோ போகலாம். கரு ஒட்டாமலோ கலைந்தோ போக அது ஒரு காரணம். கருவுற்ற பிறகும் சுமார் 5 நாள் முட்டையின் மைட்டோகாண்ட்ரியா கையிருப்பைத்தான் செல்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன.

மைட்டோகாண்ட்ரியா சக்தி தயாரிக்க உதவும் பொருளான கோ-கியூ 10 வயதான எலிகளில் பலன் தந்தது. மனிதர்களில் ஆதாரம் இன்னும் போதாது. டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையை மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.