மாஸ்டர் போனால் கிராண்ட்மாஸ்டரும் போவாரா?

வலையமைப்பில் இருக்கும் கருவிகளின் கடிகாரங்களை ஒரே நேரத்தில் ஓடவைக்கும் மென்பொருள்களின் கையேடுகளில் நேரம் கொடுக்கும் கடிகாரத்துக்கு ‘மாஸ்டர்’, அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் கடிகாரத்துக்கு ‘ஸ்லேவ்’ என்று வழங்கும் பழைய சொற்களை மாற்றுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இம்முறை பதில்.

கேள்வி: எங்கள் கையேட்டில் மாஸ்டரும் ஸ்லேவும் நூற்றுக்கணக்கான இடங்களில் வருகின்றன. தொழில்நுட்பத் தரத்திலேயே (ஸ்டாண்டர்ட்) மாற்றுச் சொல் உண்டா? சர்வர், கிளையன்ட் என்று போட்டால் போதாதா?

நீங்கள் எந்த நெறிமுறையைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இணையத்தில் பரவலாகப் பயன்படும் நேர நெறிமுறையான என்டிபி என்றால் பெரிய வேலை இல்லை. அதன் வரையறை ஆவணமாக 2010இல் வந்த ஆர்எஃப்சி 5905 முழுக்க சர்வர், கிளையன்ட், பியர் என்றே பேசுகிறது. என்டிபி கையேட்டில் ‘மாஸ்டர்’ வந்தால், விளக்கம் எழுதியவர் கைப்பழக்கத்தில் போட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ‘சர்வர்’ என்று திருத்திவிட்டுப் போகலாம்.

இன்னும் நுணுக்கமாக நேரம் பொருத்தும் பிடிபி வேறு கதை. அதை வரையறுக்கும் ஐஇஇஇ 1588 தரம் 2002இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே மாஸ்டர், ஸ்லேவ் என்றுதான் எழுதியது. 1588ஜி-2022 என்ற திருத்தம்தான் ‘டைம்டிரான்ஸ்மிட்டர்’, ‘டைம்ரிசீவர்’ என்ற மாற்றுச் சொற்களைக் கொடுத்தது. கவனியுங்கள், அவை மாற்றுச் சொற்கள். பழையவற்றுக்குத் தடை எதுவும் இல்லை. சிறந்த மாஸ்டரைத் தேர்ந்தெடுக்கும் ‘பிஎம்சிஏ’ வழிமுறையின் பெயரும் ‘பிடிசிஏ’ ஆகிறது. வலையமைப்பு முழுவதற்கும் நேரம் தரும் தலையாய கடிகாரமான ‘கிராண்ட்மாஸ்டர்’ மட்டும் அப்படியே இருக்கிறது. தலைப்பிலுள்ள கேள்விக்குப் பதில் அதுதான்: போகமாட்டார்.

சர்வர், கிளையன்ட் என்பதும் பிழையில்லை. லினக்ஸில் பிடிபியை ஓட்டும் லினக்ஸ்பிடிபி மென்பொருள் தன் அமைப்புக் கோப்பில் ‘ஸ்லேவ்ஒன்லி’ என்றிருந்ததை ‘கிளையன்ட்ஒன்லி’ என்றும், ‘மாஸ்டர்ஒன்லி’ என்றிருந்ததை ‘சர்வர்ஒன்லி’ என்றும் மாற்றியிருக்கிறது. ஆனால் விளக்க உரையில் தரத்தின் சொல்லையே எடுங்கள் என்பேன். ஒரே பெட்டி ஒரு பக்கம் பிடிபியில் நேரம் வாங்கி, மறுபக்கம் என்டிபியில் நேரம் கொடுப்பது சாதாரணம். அந்தப் பெட்டியை ஒரு பத்தியில் கிளையன்ட் என்றும் அடுத்த பத்தியில் சர்வர் என்றும் எழுதினால், எந்த நெறிமுறையில் எது என்று வாசகர் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டும்.

கேள்வி: தேடி மாற்றும் கட்டளை ஒன்றைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலைதானே?

ஐந்து நிமிடத்தில் முடியும். சரிசெய்ய ஐந்து நாள் ஆகும். முதலில் அகப்படுவது கிராண்ட்மாஸ்டர். உள்ளே மாஸ்டர் இருப்பதால் ‘கிராண்ட்டைம்டிரான்ஸ்மிட்டர்’ என்ற விநோதப் பிராணி பிறக்கும். முழுச் சொல்லாக மட்டும் தேடினால் இது தப்பும், ஆனால் வேறு சில மாட்டும். சொல் எல்லையைப் பார்க்கும் தேடலில் அடிக்கோடு சொல்லின் பகுதி, இணைப்புக்குறி அப்படியல்ல. ஆகவே அடிக்கோட்டால் சேர்ந்த ‘யூனிகாஸ்ட்_மாஸ்டர்_டேபிள்’ தப்பிக்கும். லினக்ஸ்பிடிபியோடு வரும் ‘யூனிகாஸ்ட்-மாஸ்டர்’ என்ற மாதிரிக் கோப்பின் பெயர் மாறிப்போகும். கையேடு சொல்லும் பெயரில் கோப்பே இருக்காது. நிரல் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தின் ‘மாஸ்டர்’ கிளைக்குப் போகும் இணைப்புகளும் இப்படித்தான் உடையும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. லினக்ஸில் இரண்டு வலை அட்டைகளைப் பிணைத்து ஒன்றாக்கும் ‘பாண்டிங்’ வசதியில், பிணைக்கப்பட்ட ஒவ்வோர் அட்டைக்கும் ‘ஸ்லேவ்’ என்றுதான் பெயர். கர்னல் காட்டும் கோப்பின் பெயரே ‘ஆக்டிவ்_ஸ்லேவ்’. பிணைந்த அட்டைகளின் மீது பிடிபி ஓட்டுவதை விளக்கும் பகுதியில் இந்த ஸ்லேவும் பிடிபி ஸ்லேவும் அடுத்தடுத்த வரிகளில் வரும். கண்மூடி மாற்றினால், ‘செயலில் இருக்கும் டைம்ரிசீவர் அட்டை’ என்று அர்த்தமே இல்லாத ஒன்று எழுதப்பட்டுவிடும்.

அதனால் வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பாராமல், சொல்லின் நடுவில் வருவதையும் சேர்த்து, எல்லா வரிகளையும் வரி எண்ணோடு எடுத்துவிடுங்கள். அவற்றை மூன்று குவியலாக்குங்கள். மனிதர் படிக்கும் விளக்க உரை ஒன்று. நிரல் படிக்கும் அல்லது நிரல் அச்சிடும் பெயர்கள் இரண்டாவது: விருப்பப் பெயர்கள், பதிவு வரிகள், கோப்புப் பெயர்கள், நிலைப் பெயர்கள். மூன்றாவது, பாண்டிங் போல வேறு ஊர்க்காரர்கள்; இவற்றை மாற்றாமல் விதிவிலக்குப் பட்டியலில் வையுங்கள்.

இரண்டாம் குவியலில் உள்ள ஒவ்வொன்றும் கையேட்டில் நிரல் எழுத்துருவில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவற்றுக்குக் குறி போடுவது முதல் கமிட் (கிட்டில் ஒரு தொகுப்பாகப் பதியும் மாற்றம்). நிரல் எழுத்துருவுக்கு வெளியே உள்ளதை மட்டும் மாற்றுவது இரண்டாவது கமிட். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் சரிபார்ப்பவருக்குக் கண் பூத்துவிடும். கடைசியில் மறுபடி தேடுங்கள். மிஞ்சியவை எல்லாம் நிரல் குறிக்குள்ளோ விதிவிலக்குப் பட்டியலிலோ இருக்க வேண்டும். இந்தச் சோதனையைக் கையேட்டைத் தொகுக்கும் நிரலிலேயே சேர்த்துவிட்டால் பழைய சொல் திரும்ப நுழையாது.

பதிவு வரிகளை ஏன் தொடக்கூடாது என்று சிலர் கேட்கலாம். லினக்ஸ்பிடிபியின் முதன்மை நிரலான பிடிபி4எல் தன் பதிவில் (லாக்) ‘மாஸ்டர் ஆஃப்செட்’ என்று அச்சிடுகிறது. அதன் நிலையைக் கேட்டறியும் பிஎம்சி கருவி ‘ஆஃப்செட்ஃபிரம்மாஸ்டர்’ என்ற புலத்தைக் காட்டுகிறது; போர்ட் நிலையாக ‘ஸ்லேவ்’ என்றே சொல்கிறது. கையேட்டிலுள்ள மாதிரி வரியை நீங்கள் அழகாகத் திருத்தினால், அதைப் பார்த்து ஒருவர் கண்காணிப்பு நிரல் எழுதுவார். அது தேடும் சொல் பதிவில் ஒருநாளும் வராது. எச்சரிக்கை வராததால் எல்லாம் நலம் என்று திரை சொல்லிக்கொண்டிருக்கும், கடிகாரம் எங்கோ போய்க்கொண்டிருக்கும்.

ஒரு சின்ன எரிச்சல்: ஆங்கிலத்தில் மாஸ்டருக்கு 6 எழுத்து, டைம்டிரான்ஸ்மிட்டருக்கு 15. எழுத்துகளாலேயே வரைந்த கட்டப் படங்களும் அட்டவணைகளும் கோணிப்போகும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

கேள்வி: தமிழ்க் கையேட்டில் ‘தலைமைக் கடிகாரம்’, ‘அடிமைக் கடிகாரம்’ என்று எழுதிவந்தோம். இனி எப்படி?

‘அடிமை’யை எடுத்துவிட்டுத் ‘தொண்டன்’, ‘சீடன்’ என்று போடுவதைவிட, கருவி செய்யும் வேலையைப் பெயராக்குவது மேல். ஒலிவாங்கி, இடிதாங்கி என்று தமிழ் எப்போதும் செய்வதுதான் இது. ‘நேர அனுப்பி’, ‘நேரவாங்கி’ என்ற இணை எங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது. கடிதத்தில் எழுதும் ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஈறு ஆட்களுக்கு உரியது, பெட்டிகளுக்கு வேண்டாம். கிராண்ட்மாஸ்டரை ‘மூலக் கடிகாரம்’ எனலாம். முதல் முறை வரும்போது ‘கிராண்ட்மாஸ்டர் எனப்படும் மூலக் கடிகாரம்’ என்று சேர்த்தே எழுதிவிடுங்கள்.

தமிழில் தேடி மாற்றுவது இன்னும் ஆபத்து. ‘தலைமை’யைத் தேடினால் தலைமையகமும் மாட்டும். ‘அடிமைக் கடிகாரத்துக்கு’, ‘அடிமைக்கடிகாரம்’, ‘அடிமைகள்’ என்று ஒற்றும் வேற்றுமையும் சேர்ந்து ஒரே சொல் பல உருவில் நிற்கும். ‘அடிமை’ என்ற வேரை மட்டும் தேடி, வரி வரியாகக் கையால் மாற்றுவதே வழி.

வேற்றுமை உருபில் ஒரு பொறியும் இருக்கிறது. ‘மாஸ்டர் ஆஃப்செட்’டை ‘நேர அனுப்பியின் விலகல்’ என்று பெயர்த்தால் பொருள் தலைகீழ். அனுப்பி தவறாக ஓடுகிறது என்று ஆகிவிடும். சொல்ல வேண்டியது ‘நேர அனுப்பியிலிருந்து விலகல்’: வாங்கியின் நேரத்திலிருந்து அனுப்பியின் நேரத்தைக் கழித்த மிச்சம். நேர்மதிப்பு வந்தால் வாங்கி முந்தி ஓடுகிறது.

நேர்க்குறி, எதிர்க்குறியின் பொருள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். என்டிபியின் நிலையைக் காட்டும் என்டிபிகியூ கருவி தரும் ஆஃப்செட் நேர்மதிப்பாக இருந்தால் உள்ளூர்க் கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்று பொருள். இன்னொரு என்டிபி மென்பொருளான குரோனியின் ‘சோர்சஸ்’ பட்டியலில் நேர்மதிப்பு முந்தி ஓடுவதைக் குறிக்கும்.

கேள்வி: பாதைத் தாமதத்தை அளக்க நேரவாங்கிதான் ‘டிலே ரிக்வெஸ்ட்’ பொட்டலத்தை அனுப்புகிறது, நேர அனுப்பி அதை வாங்குகிறது. புதிய பெயர் குழப்பத்தைக் கூட்டாதா?

கூட்டும், ‘நேர’ என்ற முன்சொல்லை விட்டுவிட்டால். அனுப்பப்படுவது நேரம், பொட்டலம் இரு பக்கமும் போகும். பொதுப் பகுதிகளில் எப்படியோ, பொட்டலப் பரிமாற்றத்தை விளக்கும் அத்தியாயத்தில் மட்டும் ‘அனுப்பி’, ‘வாங்கி’ என்று சுருக்கவே கூடாது.

எண்களோடு எழுதினால் குழப்பம் தானாகக் குறையும். நேர அனுப்பி தன் கடிகாரத்தில் 100 மைக்ரோ விநாடியில் ‘சிங்க்’ பொட்டலத்தை அனுப்புகிறது. நேரவாங்கி தன் கடிகாரத்தில் 160இல் அதைப் பெறுகிறது. பிறகு நேரவாங்கி 200இல் டிலே ரிக்வெஸ்ட் அனுப்ப, நேர அனுப்பி 220இல் பெற்று, அந்த எண்ணைத் ‘டிலே ரெஸ்பான்ஸ்’ வழியாகத் திருப்பிச் சொல்கிறது. போகும் வழியில் 60, வரும் வழியில் 20. வித்தியாசத்தில் பாதி, அதாவது 20, விலகல். கூட்டலில் பாதி, அதாவது 40, பாதைத் தாமதம். நேரவாங்கி 20 மைக்ரோ விநாடி முந்தி ஓடுகிறது. இரு வழித் தாமதமும் சமம் என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு சரி.

இன்னொன்று: நேரம் கொடுப்பது, வாங்குவது என்ற பாத்திரம் பெட்டிக்கு உரியதல்ல, போர்ட்டுக்கு உரியது. பவுண்டரி கிளாக்கில் ஒரு போர்ட் நேரத்தை வாங்க, மற்றவை கொடுக்கும். பழைய கையேடுகளில் ‘இந்த ஸ்லேவ் கருவி’ என்று வரும் இடங்களில் பாதி, பழைய சொல்லிலேயே பிழையானவை. அங்கே சொல்லை மட்டும் மாற்றாதீர்கள். ‘நேரவாங்கி நிலையிலுள்ள போர்ட்’ என்று வாக்கியத்தையே திருத்துங்கள்.

கேள்வி: பிஎச்சி2சிஸ் பற்றிய பக்கத்திலும் இதே சொற்களைப் போடலாமா?

வேண்டாம். அது ஒரே கணினிக்குள் வலை அட்டையின் கடிகாரத்தையும் கணினியின் கடிகாரத்தையும் பொருத்துவது. பிடிபி பாத்திரங்களுக்கு அங்கே வேலை இல்லை. அதன் கையேடு ‘டைம் சோர்ஸ்’, ‘டைம் சிங்க்’ என்கிறது (இந்த ‘சிங்க்’ நேரம் போய்ச் சேரும் இடம்; மேலே வந்த ‘சிங்க்’ பொட்டலம் அல்ல). தமிழில் ‘நேர மூலம்’, ‘திருத்தப்படும் கடிகாரம்’ எனலாம்.

அந்தப் பக்கத்தைத் திறந்த கையோடு ‘நேரம்’ என்று மொட்டையாக எழுதிய இடங்களையும் பாருங்கள். பிடிபி வழக்கமாகக் கொண்டுசெல்வது டிஏஐ என்ற அணு நேரம். கணினிக் கடிகாரம் வைத்திருப்பது யுடிசி என்ற உலகப் பொது நேரம். 2017 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் 37 விநாடி வித்தியாசம். எது எந்த அளவில் என்று சொல்லாத கையேட்டால் மிகச்சரியாக 37 விநாடி தள்ளி ஓடும் கணினிகள் கிடைக்கும்.

கேள்வி: கையேட்டில் ‘கிளையன்ட்ஒன்லி’ என்று மாற்றினோம். சில கணினிகளில் பிடிபி4எல் தொடங்கவே மறுக்கிறது.

அங்கே இருப்பது பழைய பதிப்பு. புதிய பதிப்பு பழைய பெயரையும் ஏற்று, கைவிடப்பட்ட பெயர் என்று எச்சரிக்கை மட்டும் தரும். பழைய பதிப்புக்குப் புதிய பெயர் தெரியாது. தெரியாத விருப்பம் என்று வரி எண்ணைச் சொல்லி நின்றுவிடும். எல்லாக் கணினிகளையும் மேம்படுத்தும்வரை அமைப்புக் கோப்பில் பழைய பெயரே இருக்கட்டும். கையேட்டில் இரண்டையும் பதிப்பு எண்ணோடு எழுதுங்கள். கட்டளை வரியில் கொடுக்கும் ‘-எஸ்’ இரண்டிலும் ஒன்றுபோலவே வேலை செய்யும்.

கேள்வி: ரூட்டரில் ‘என்டிபி மாஸ்டர் 8’ என்ற கட்டளை?

கட்டளையைத் தொடாதீர்கள், விளக்கத்தை மாற்றுங்கள்: ‘வெளி மூலம் இல்லாதபோது இந்தக் கருவி தன் கடிகாரத்தையே ஸ்ட்ராட்டம் 8 சர்வராக அறிவிக்கும்.’ ஸ்ட்ராட்டம் என்பது ஆதாரக் கடிகாரத்திலிருந்து எத்தனையாவது படி என்ற எண். குரோனியில் இதே வேலைக்கு ‘லோக்கல் ஸ்ட்ராட்டம் 10’. அங்கே மாற்ற எதுவும் இல்லை.

கேள்வி: பழைய சொற்களை முற்றாக நீக்கிவிடலாமா?

சொல்லடைவிலும் தேடலிலும் விட்டுவையுங்கள். பதிவில் ‘ஸ்லேவ்’ என்று பார்த்தவர் அதையே தட்டித் தேடுவார்; ‘காண்க: நேரவாங்கி’ என்று ஒரு வரி போதும். முன்னுரையில் 1588ஜி-2022 திருத்தத்தைக் குறிப்பிட்டு, பழையதும் புதியதும் எதிரெதிரே இருக்கும் நான்கு வரி அட்டவணை ஒன்று கொடுங்கள். கிராண்ட்மாஸ்டர் வரிசையில் இரு பக்கமும் ஒரே சொல் இருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று யாராவது எழுதுவார்கள். அதற்கும் ஓர் அடிக்குறிப்பு போட்டுவிடுங்கள்.