சிவப்பு அடியில், வெள்ளை நடுவில், நீலம் மேலே: வாசகர் கேள்விக்கு பார்டெண்டர் பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். வரும் ஞாயிறு வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர்கள் பத்துப் பேர் ஃபுட்பால் மேட்ச் பார்க்க வருகிறார்கள். எல்லாரும் நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகர்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று அடுக்காக காக்டெயில் செய்து அசத்தலாம் என்று நினைத்தேன். முதலில் கிரெனடின் என்ற சிவப்புப் பாகு, அதன் மேல் லெமனேட், அதன் மேல் ப்ளூ குராசாவ் என்ற நீல நிற இனிப்பு மதுபானம் என்று ஸ்பூனின் முதுகில் மெதுவாகத்தான் ஊற்றினேன். நீலம் நேராக அடிக்குப் போய் எல்லாம் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. கையில் பக்குவம் இல்லையா, வேறு காரணமா?
- எடிசன் வாசகி

பதில்: உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை, சகோதரி. ஊற்றிய வரிசைதான் பிரச்சினை. எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் அந்த வரிசையில் நீலம் மேலே நிற்காது.

எது அடியில் நிற்கும், எது மேலே நிற்கும் என்பதைச் சர்க்கரையும் ஆல்கஹாலும்தான் முடிவு செய்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 40 சதவீத வோட்கா ஒரு லிட்டர் 950 கிராம்தான் வரும். கிரெனடின் சர்க்கரைப் பாகு என்பதால் லிட்டருக்கு 1200 கிராம் பக்கத்தில் நிற்கும். ப்ளூ குராசாவ் பாட்டிலில் ஆல்கஹால் இருக்கிறதே, லேசாக இருக்கும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதில் இருக்கும் சர்க்கரை லெமனேடில் இருப்பதைவிட அதிகம். அதனால் லெமனேடைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. நன்னாரி சர்பத் போடுகிறவர் பாகை முதலில் விட்டுத் தண்ணீரை ஊற்றினால் பாகு அடியிலேயே கிடக்கும், கலக்கினால்தான் மேலே வரும். இதிலும் அதே கதைதான்.

சரி, செய்முறைக்கு வருவோம். உயரமான, ஒல்லியான 12 அவுன்ஸ் கிளாஸ் எடுங்கள். அகலமான கிளாஸில் அடுக்கு மெலிந்து பரவிவிடும், பார்க்க நன்றாக இருக்காது. அடியில் 1 அவுன்ஸ், அதாவது 30 மில்லி கிரெனடின். கிளாஸின் பக்கச் சுவரில் வழியவிடாமல் நடுவில் ஊற்றுங்கள். சுவரில் ஒட்டிய சிவப்பு அடுத்த அடுக்கில் கோடு கோடாக இறங்கும். இப்போது கிளாஸின் கழுத்து வரை ஐஸ் கட்டிகளைப் போடுங்கள்.

வெள்ளைக்கு லெமனேட் வேண்டாம். அது பாதி கண்ணாடி மாதிரி இருப்பதால் சிவப்பும் நீலமும் அதன் வழியாகவே கலந்து தெரியும். தேங்காய்ப்பால்தான் என் தேர்வு. டப்பாவில் வரும் கெட்டிப் பாலை வாங்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைத்தால் கொழுப்பு உறைந்து துணுக்குத் துணுக்காக மிதக்கும். குடிப்பதற்கென்று அட்டைப் பெட்டியில் வரும், சர்க்கரை சேர்க்காத தேங்காய்ப்பால் போதும். கிளாஸுக்கு 60 மில்லி பாலில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையை முழுக்கக் கரைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சர்க்கரைதான் வெள்ளையை நீலத்துக்குக் கீழே பிடித்து வைக்கிறது, அதனால் குறைத்துவிடாதீர்கள். பசும்பால் போடலாமா என்று கேட்பார்கள். கிரெனடினில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலம் இருக்கும், பால் திரிந்து போகலாம். அந்த வம்பு வேண்டாம்.

நீலத்துக்கு வோட்கா 30 மில்லி, ப்ளூ குராசாவ் 10 மில்லி, ஜில்லென்ற தண்ணீர் 45 மில்லி. மூன்றையும் தனியாகக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும். வோட்காவும் தண்ணீரும் சேர்ந்து குராசாவின் கனத்தைக் குறைத்துவிடும், அதனால் மேலே நிற்கும். சோடா வேண்டாம், குமிழிகள் அடுக்கின் விளிம்பைக் கலைக்கும். இப்படிக் கலந்தால் நீலம் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். ஜயன்ட்ஸ் ஜெர்சியின் அடர்நீலம் வேண்டுமென்றால் நீல ஃபுட் கலர் ஒரு சொட்டு விடுங்கள். குராசாவைக் கூட்டினால் மறுபடியும் மூழ்கும்.

ஊற்றுகிற இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பூனைக் கவிழ்த்து, அதன் நுனி கிளாஸின் உள்சுவரைத் தொட, மேலே எட்டிப் பார்க்கும் ஓர் ஐஸ் கட்டிக்கு நேராகப் பிடியுங்கள். திரவம் ஸ்பூனின் முதுகில் வழிந்து, கட்டியில் பட்டு, இரண்டாகப் பிரிந்து இறங்கும். இறங்கும் வேகம் அங்கேயே செத்துவிடும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஓர் இளநீலம் உருவாகும். அது தப்பில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும். சிவப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் ரோஸ் வரும். நடுவில் வெள்ளை இருப்பதால்தான் சிவப்பும் நீலமும் நேரடியாகச் சந்தித்துக் கத்தரிப்பூ நிறமாவதில்லை.

பத்துப் பேருக்கு என்றால் காலையிலேயே கிளாஸ்களில் கிரெனடினை மட்டும் ஊற்றி வையுங்கள். வெள்ளையும் நீலமும் இரண்டு ஜக்குகளில் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ஆட்டம் மதியம் 1 மணிக்கு என்றால் பன்னிரண்டே முக்காலுக்கு ஐஸ் போட்டு ஊற்ற ஆரம்பிக்கலாம். அப்புறம், ஒவ்வொரு கிளாஸிலும் கலக்குகிற குச்சி கட்டாயம் வையுங்கள். போட்டோ எடுத்ததும் கலக்கிக் குடிக்கச் சொல்லுங்கள். கலக்காவிட்டால் முதல் மடக்கு முழுக்க வோட்கா, கடைசி மடக்கு முழுக்கப் பாகு.

அளவை நான் வேண்டுமென்றே அடக்கித்தான் சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவில் ஒரு டிரிங்க் என்று கணக்கிடுவது 14 கிராம் ஆல்கஹாலை. இந்த கிளாஸில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும், இனிப்பு பானம் வேகமாக உள்ளே போகும், வருகிறவர்கள் காரில் வருவார்கள். உங்கள் மாநிலத்தில் இதற்குச் சட்டமும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் போதையில் இருக்கும் விருந்தாளிக்கு, அவர் வண்டி ஓட்டப் போகிறார் என்று தெரிந்தும் ஊற்றிக் கொடுத்து, அவர் யாரையாவது இடித்தால், கொடுத்த வீட்டுக்காரரும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1984-ல் தீர்ப்பு சொன்னது. யார் வண்டி ஓட்டுகிறார் என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விருந்தோம்பலில் அதுவும் சேர்த்திதான்.

கேள்வி: டெக்கீலாவும் ஆரஞ்சு ஜூஸும் கிரெனடினும் சேரும் டெக்கீலா சன்ரைஸ் காக்டெயிலில் கிரெனடினைக் கடைசியில்தானே ஊற்றுகிறார்கள்? முதலில் ஊற்றினால் என்ன?
- சான் ஹோசே வாசகர்

பதில்: முதலில் ஊற்றினால் அடியில் சிவப்பு, மேலே ஆரஞ்சு என்று கோடு போட்டது மாதிரி நிற்கும். கடைசியில் ஊற்றினால் பாகு ஆரஞ்சு ஜூஸைக் கடந்து இறங்கும்போது வழியெல்லாம் கொஞ்சம் கரைந்து, கீழே சிவப்பு, மேலே போகப் போக மஞ்சள் என்று மங்கும். விடியல் நிறம் அப்படித்தான் வருகிறது. இப்போது நாம் குடிக்கும் வடிவம் உங்கள் ஊர்ப் பக்கம் சாசலிட்டோவில் 1970-களின் தொடக்கத்தில் பிறந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக் குழுவினர் 1972 சுற்றுப்பயணத்தின்போது விரும்பிக் குடித்ததில் நாடெங்கும் பரவியது. சான் பிரான்சிஸ்கோ ஃபுட்பால் அணியான ஃபார்ட்டிநைனர்ஸின் சிவப்புக்கும் பொன்னிறத்துக்கும் இதைவிடப் பொருத்தமான பானம் எனக்குத் தெரியாது.

கேள்வி: மேட்ச் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் குழந்தைகள். குடிக்காதவர்களும் உண்டு. ஆல்கஹால் இல்லாமல் அடுக்கு நிற்குமா?
- மினியாபொலிஸ் வாசகி

பதில்: தாராளமாக நிற்கும். பாட்டில்களைத் திருப்பி, பின்பக்க அட்டவணையில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள். அதிகம் இருப்பது அடியில், சர்க்கரையே இல்லாதது மேலே. ஒரு பாட்டிலில் 8 அவுன்ஸுக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள், இன்னொன்றில் 12 அவுன்ஸுக்கு. ஒரே அளவுக்கு மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் வரிசை மாறிவிடும்.

உங்கள் வைக்கிங்ஸ் அணிக்கு ஊதாவும் பொன்னிறமும் வேண்டும். அடியில் மாம்பழ ஜூஸ், இனிப்புள்ளதாக. மேலே சர்க்கரை போடாத சங்குப்பூ டிகாஷன். உலர்ந்த சங்குப்பூ ஆன்லைனில் கிடைக்கிறது. ஒரு கப் வெந்நீரில் ஏழெட்டு பூக்களைப் போட்டு வைத்தால் அடர்நீலம் இறங்கும். ஆறியதும் எலுமிச்சைச் சாறு சில துளிகள் விடுங்கள், நீலம் ஊதாவாக மாறும். அதைக் குழந்தைகள் கையாலேயே விடச் சொல்லுங்கள். சாறு அதிகமானால் ரோஸ் பக்கம் போய்விடும், அதனால் துளித் துளியாக.